கண் வடிவாத் தெரியுது, பிள்ளை

லண்டனில் நீரிழிவுக் கண் பரிசோதனை வேலைக்கு வந்து ஒன்பது வருடம். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே சேர்ந்தேன். வேலை செய்துகொண்டே டிப்ளோமா முடித்தேன்.

கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவேன். கொஞ்ச நேரம் கழித்து விழித்திரையைக் கண்ணுக்கு இரண்டு படமாக எடுப்பேன். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தில் தெரிவதை நோயாளியே உணர்ந்திருக்க மாட்டார்.

ஒருநாள் ஒரு அம்மா வந்தா. இரண்டு தடவை கடிதம் போயும் வராதவ. "எனக்குக் கண் வடிவாத் தெரியுது பிள்ளை, ஏன் சும்மா மினக்கெடுவான்?" என்றா. எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்தா. படத்தைப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. அவை எப்போது வேண்டுமானாலும் வெடித்துக் கசியக்கூடியவை. அவசரமாக ஆஸ்பத்திரிக்கு எழுதினோம், லேசர் செய்தார்கள். அவவுக்கு இன்றும் பார்வை இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு அரை நூற்றாண்டாக நீரிழிவுக் கண்நோயே முதற்காரணமாக இருந்தது. 2009-2010 கணக்கில்தான் அது அந்த இடத்தை விட்டு இறங்கியது. 2003இல் தொடங்கிய இந்தப் பரிசோதனைக்கும் அதில் பங்குண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் பணியில் இன்று என் கையும் சேர்ந்திருக்கிறது என்பது எனக்குப் பெருமை.

சீனி வருத்தம் நம் சனத்தை அதிகம் பிடிக்கிறது. 12 வயதும் அதற்கு மேலும் ஆன நீரிழிவுக்காரர் எல்லோருக்கும் கடிதம் வரும், பரிசோதனை இலவசம். அன்று கார் ஓட்டாதீர்கள், கறுப்புக் கண்ணாடி கொண்டுவாருங்கள். கட்டாயம் வாங்கோ.