மரம் பேசக் கூடாது

கையால் செய்த ஸ்பீக்கர் என்றதும் வாங்க வருகிறவர் விரலை மடக்கிப் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார். 'கணீர்' என்று கேட்டால் நல்ல மரம் என்று முகம் மலரும். செய்தவருக்கு அங்கேதான் சங்கடம். வீணைக்குப் பலா மரம் தேடுவது, தந்தியோடு சேர்ந்து மரமும் பாட வேண்டும் என்பதற்காக. ஸ்பீக்கர் பெட்டியோ வாயே திறக்கக் கூடாது. பாடகரும் மிருதங்கமும் ஏற்கெனவே ஒலிப்பதிவில் இருக்கிறார்கள். பெட்டி தன் பங்குக்கு ஒரு சுரம் சேர்த்தால், எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்தச் சுரமும் கூடவே வரும். 'டப்' என்று மந்தமாகக் கேட்டுச் சட்டென்று அடங்குவதே நல்ல பெட்டி.

அடுத்த கேள்வி, "முழுத் தேக்கா சார்?" இல்லை என்று சொல்ல ஸ்பீக்கர் செய்பவருக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். முழு மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும், வெயிலில் சுருங்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஐப்பசி மழையையும் அக்னி நட்சத்திரத்தையும் பார்த்த மூட்டு எங்காவது மெல்ல விடும், காற்று கசியும். அதனால்தான் பெட்டி பிளைவுட்டிலோ எம்.டி.எஃப். பலகையிலோ செய்யப்படுகிறது. தேக்கு, வெறும் அரை மில்லிமீட்டர் அளவு வெனீராக மேலே ஏறுகிறது. இதை ஏமாற்று என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பொறுப்பாகச் செய்பவர், யாரும் பார்க்காத உட்புறத்திலும் வெனீர் ஒட்டுவார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளைந்துவிடும்.

மரத்தை வாயடைக்க வைக்கும் இந்தப் பாடு பழையது. இங்கிலாந்தின் யார்க்‌ஷரில், இல்க்லி என்ற ஊரில், துணி வியாபாரத்தில் இருந்த கில்பர்ட் பிரிக்ஸ் 1932-இல் தன் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். ஊர் இருக்கும் பள்ளத்தாக்கின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்: வார்ஃப்டேல். அதிர்வை அடக்க அவர் கண்ட வழிகளில் ஒன்று, இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டி நிரப்புவது. அறை மூலையில் செங்கல் வைத்துப் பெட்டியைக் கட்டியும் பார்த்தார். மணலும் செங்கலும் மலிவு; தூக்கிக்கொண்டு போவதுதான் கஷ்டம்! 1954-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையிலேயே இசைக்கலைஞர்களை வாசிக்கச் சொல்லி, ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். தன் ஸ்பீக்கரை அசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தும் துணிச்சல் இன்றைய விளம்பரக்காரர்கள் எத்தனை பேருக்கு இருக்கும்?

பி.பி.சி. எடுத்த வழி மணலுக்கும் செங்கலுக்கும் நேர் எதிர். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் அடங்குகிற மாதிரி அவர்களுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வேண்டியிருந்தது. எழுபதுகளில் உருவான அதன் பெயர் எல்.எஸ்.3/5ஏ. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. பெட்டிக்கு 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் மட்டுமே. பலகை தடிமனாக ஆக, அதன் அதிர்வு காது கூர்மையாகக் கேட்கிற சுரங்களை நோக்கி ஏறும் என்பது பி.பி.சி. பொறியாளர் டட்லி ஹார்வுட் குழுவின் கணக்கு. மெல்லிய பலகை என்றால் அதிர்வு கீழேயே தங்கும். உள்ளே தார்ப்பட்டை ஒட்டினால் எழும்போதே செத்துவிடும். மூலைகளில் வைக்கும் சட்டம் பீச் மரமாக இல்லாமல் வேறு மரமாக இருந்தால்கூட ஒலி மாறுவதைக் கண்டுபிடித்தார்கள். விரல் தடிமன் சட்டத்துக்கு இவ்வளவு செல்வாக்கு என்று எந்த ஆசாரியிடம் சொன்னாலும் சிரிப்பார்.

அந்த ஸ்பீக்கருக்கு டிரைவர், அதாவது பெட்டிக்குள் பொருத்தும் ஒலி எழுப்பும் பாகம், செய்து கொடுத்த கே.இ.எஃப். கம்பெனியை 1961-இல் தொடங்கிய ரேமண்ட் குக், பிரிக்ஸிடம் வேலை பார்த்தவர். பி.பி.சி.யில் இருந்த ஸ்பென்சர் ஹியூஸ், பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிக் கூம்பு வார்ப்பதை வீட்டிலேயே பழகி, தன் பெயரையும் மனைவி டோரதியின் பெயரையும் சேர்த்து ஸ்பெண்டார் தொடங்கினார். ஹார்வுட்டும் 1977-இல் ஹார்பெத் தொடங்கினார். அதிலும் மனைவி எலிசபெத்தின் பெயர் பாதி. ஹை-ஃபை உலகம் இப்படிக் குடும்பத் தொழிலாகவே கிளை விட்டிருக்கிறது.

ஆனால் மலிவாகச் செய்ய வழி திறந்தது கணக்கால்தான். முன்பெல்லாம் பெட்டி செய்து, கேட்டு, பிடிக்காவிட்டால் மறுபடி அறுப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1961-இல் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த ஆய்வும் அந்த வீண் செலவை நிறுத்தின. டிரைவரின் சில அளவுகள் தெரிந்தால் போதும், எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று காகிதத்திலேயே வந்துவிடும். டிரைவர் கம்பெனிகள் இன்று அந்த அளவுகளை அச்சடித்தே தருகின்றன. ஒலியை அளக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மைக் மட்டும் வாங்க வேண்டும்.

உள்ளே 17 × 32 × 22 சென்டிமீட்டர் வைத்தால் 12 லிட்டர் வரும். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்றில் இப்படி மூன்று ஜோடி தேறும். அறுப்பது சுலபம், வட்டம் வெட்டுவதில்தான் ஆள் தெரியும். டிரைவரின் விளிம்பு முன்பலகையோடு ஒரே மட்டத்தில் உட்கார, அதே தடிமனுக்கு ரூட்டரால் படி எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் பள்ளம். குறைந்தால் விளிம்பு துருத்தும், உச்ச சுரங்களுக்கான டிரைவராகிய ட்வீட்டரின் ஒலி அதில் மோதிச் சிதறும். ஃபெவிகால் போட்டு, கிளாம்ப் முடுக்கி, பிதுங்கி வரும் பசையை ஈரத் துணியால் உடனே துடைக்க வேண்டும். விட்டுவிட்டால் பாலிஷ் அந்த இடத்தில் மட்டும் பிடிக்காது. முழுக்க மூடிய பெட்டியாக இருந்தால், கீழ்ச் சுரங்களுக்கான வூஃபரை நாலு விரலால் பூப்போல உள்ளே அழுத்தி விட்டுப் பார்ப்பார்கள். கூம்பு நிதானமாக ஊர்ந்து திரும்பினால் காற்று கசியவில்லை. படக்கென்று குதித்து வந்தால் எங்கோ மூட்டு பிளந்திருக்கிறது, டார்ச் வைத்துத் தேட வேண்டியதுதான்.

கையால் செய்ததை ஒருவர் குறைந்த விலைக்குத் தருகிறார் என்றால், கடைவாடகையும் விளம்பரமும் அட்டைப்பெட்டி அலங்காரமும் இல்லாதது பாதிக் காரணம். மீதியைப் பெரும்பாலும் யாரும் வெளியே சொல்வதில்லை: உப்புத்தாள் போட்ட மணிநேரங்களுக்கும் ஒலியை டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் கெப்பாசிட்டரை மாற்றி மாற்றிக் கேட்ட ராத்திரிகளுக்கும் அவர் கூலி போட்டுக்கொள்வதில்லை. ஆர்டர் பெருகி, இரண்டு ஆளை வேலைக்கு வைத்து, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற மாதத்தில் விலை ஏறுகிறது. ஏறித்தான் ஆக வேண்டும். வேனுக்குள் மாட்ட உருவான அந்தப் பி.பி.சி. பெட்டியை இன்றும் சில கம்பெனிகள் செய்கின்றன. ஒரு ஜோடி லட்சக் கணக்கில் விற்கிறது. அதை விளக்கும் 1976-ஆம் ஆண்டு பி.பி.சி. ஆய்வறிக்கையோ இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பிர்ச் பிளைவுட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.