கம்பிக்குக் கண் இல்லை

12 மார்ச் 2025, புதன்

பின்னேரம் அக்கா மகன் கொழும்பிலிருந்து வந்தான். தேத்தண்ணி குடித்து முடிக்குமுன்பே கேள்வி போட்டான்: "மாமா, காசு, சட்டம், வயசு எதுவும் தடையில்லைன்னு வைங்க. ஒரே ஒரு பெரிய வேட்டை. எங்க போவீங்க? எந்தத் துவக்கு?"

அவனுடைய விடை தயாராக இருந்தது. ஆப்பிரிக்காவில் காட்டெருமை, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பனியின் .375. 1912இல் வந்த அந்த ரவையைத்தான் பல ஆப்பிரிக்க நாடுகள் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன. ஏறத்தாழ 19 கிராம் குண்டு, ஒரு வினாடியில் 750 மீற்றருக்கு மேல் போகும். பையன் நன்றாகத்தான் படித்திருக்கிறான்.

துவக்கே பிடித்தறியாத நான் ஆப்பிரிக்கா வரைக்கும் போகவில்லை. "மின்னேரியா. சாமுவேல் பேக்கர் காலத்து மின்னேரியா" என்றேன்.

13 மார்ச், வியாழன்

பேக்கரைத் திரும்ப எடுத்து வாசித்தேன். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய வெள்ளைக்காரர். 1854இல் இலங்கை வேட்டையைப் பற்றிப் புத்தகம் போட்டவர். தன்னிடமிருந்த துவக்குகளை அதில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். நாலு அவுன்ஸ் குண்டு போடும் ஒற்றைக் குழல் ஒன்று. அதன் பாரம் 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. இரண்டு அவுன்ஸ் குண்டுக்கு 16 இறாத்தலில் இன்னொன்று. பத்தாம் நம்பர் இரட்டைக் குழல் நாலு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல்.

இவ்வளவு பாரம் எதற்கு? அன்றைய கறுப்பு மருந்து குண்டை ஓரளவு வேகத்துக்கு மேல் தள்ளாது. வேகத்தைக் கூட்ட வழியில்லாததால் குண்டின் எடையைக் கூட்டினார்கள். எடை கூடினால் உதை கூடும். உதையைத் தாங்கத் துவக்கும் கனக்க வேண்டும். குழல் வாய்வழியே மருந்தும் குண்டும் இடித்து நிரப்புவதற்குள் ஆனை மேலே வந்துவிடும். ஆகவே பின்னால் துவக்குத் தூக்கி நிற்க ஆட்கள். அவர்கள் ஓடிவிட்டால் வேட்டைக்காரர் பாடு அதோகதிதான்.

மின்னேரியாக் குளக்கரையில் ஒரு தரம் எருமை எதிர்த்து நிற்க, பேக்கரிடம் குண்டு தீர்ந்துபோனது. பையிலிருந்த மூன்று சிலிங் சில்லறையைத் துணியில் சுருட்டி, மருந்தை இரட்டிப்பாகப் போட்டு இடித்து, பாய்ந்து வந்த எருமையின் நெற்றியில் வெடி வைத்தார். எருமை சுருண்டு விழுந்தது; மனுசன் தப்பினார். இதைச் சொன்னதும் மருமகன் .375ஐ மறந்துவிட்டான்.

14 மார்ச், வெள்ளி

இரவு முழுக்க அந்தப் புத்தகம்தான் மனதில் ஓடியது. அதே காலத்தில் மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்த கங்காணியின் பின்னால், துவக்கில்லாமல், அதே ஆனைக் காட்டைக் கடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் பாதை ஓரத்திலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

அரசாங்கமோ செத்த ஆனைக்குத் தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருசத்துக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 ஆனைக்குச் சன்மானம் போனதாக அன்றைய வெள்ளைக்கார அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே ஆள் 1,400க்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கனவு வேட்டையில் முதலில் தெரியவேண்டியது எப்போது போதும் என்பது. அதைச் சொல்லித்தரும் துவக்கை எந்தக் கம்பனியும் செய்யவில்லை.

15 மார்ச், சனி

காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை நாடு முழுக்க விலங்குக் கணக்கெடுப்பு. அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணி எழுதவேண்டும். எங்கள் கொய்யா மரத்தில் நின்ற குரங்குகளை மருமகன் எண்ணத் தொடங்க, அவை பலாவுக்குத் தாவிவிட்டன.

பக்கத்து வளவு அண்ணன் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார். "எண்ணி என்னத்துக்கு தம்பி? தேங்காய் குரும்பையிலேயே போகுது. கிழங்கைப் பன்னி கிண்டுது. ஆளுக்கொரு துவக்கு குடுக்கச் சொல்லு." அவர் கோபத்தில் நியாயம் உண்டு. துவக்குக்கோ லைசன்ஸ் வேண்டும், வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும், தோட்டாவுக்கும் காசு வேண்டும். இல்லாதவன் சுருக்குக் கம்பியைக் கட்டுகிறான்.

16 மார்ச், ஞாயிறு

ரிவஸ்டன் மலைப் பக்கம் நடந்தோம். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், வேலி இடைவெளியில், மருமகன் காலை எடுத்து வைக்கப் போனவன் நின்றான். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி, முழங்கால் உயரத்தில் வட்டமாக விரித்து, மறுமுனை கிராம்பு மரத்தடியில் முறுக்கிக் கட்டியிருந்தது. துரு ஏறாத புதுக் கம்பி. வட்டத்துக்குக் கீழே மண் பன்றிக் குளம்பால் மிதிபட்டிருந்தது.

பன்றிக்கு வைத்ததுதான். ஆனால் சிறுத்தையும் மரையும் அதே இடைவெளியால்தான் நுழையும். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று இப்படித்தான் கழுத்தில் மாட்டியது. 26ஆம் தேதி உயிரோடு மீட்டார்கள். 29ஆம் தேதி உடவளவையில் செத்தது. அதைக் கொல்ல வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை.

பேக்கரின் 21 இறாத்தல் துவக்கை நான் மெச்சவில்லை. ஆனாலும் அதன் பின்னால் ஒரு கண் இருந்தது. எதைச் சுடுகிறோம் என்று பார்த்து, வேண்டாம் என்றால் விரலை எடுக்க இடம் இருந்தது. கம்பியைக் கட்டியவன் லயத்தில் தூங்கும்போது அது தன்பாட்டில் கொல்லும். குட்டி, சினை, நாய், மனுசப் பிள்ளை எதுவும் அதற்குத் தெரியாது.

பன்றியால் நட்டப்பட்டவனுக்கு வேலியும் நட்டஈடும் ஒழுங்காகக் கிடைக்கவேண்டும். அது கிடைக்காதவரை கம்பி ஒழியாது. அதற்காகக் குரல் கொடுப்போம். இடையில், மலைக்குப் போகிறவர்களே, வெறுங்கம்பியைக் கண்டால் அவிழ்த்து எடுத்து வாருங்கள். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டே போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே சொல்லுங்கள்.