இரும்பில் ஒரு கொழுந்து

மலையகத்தில் இப்போது வீடு கட்டுவோரின் கைப்பேசியில் ஒரு படம் தவறாமல் இருக்கிறது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வளைந்த வாசல், ஜன்னலில் சுருள் சுருளாகக் கறுப்பு இரும்பு வேலைப்பாடு. ‘ஸ்பானிஷ் டிசைன்’ என்கிறார்கள். கட்டாரிலும் துபாயிலும் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் திரும்புகிற பிள்ளைகள், ஏழு பேர்ச் காணியில் எழும்பும் வீட்டுக்கு இப்படியொரு கிரில்லும் கேட்டும் வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

இதை வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. லயத்தில் கேட் என்ற ஒன்று இருந்ததே இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரு கதவு, நீளமான பொது வாசல். அவ்வளவுதான். பூவேலை செய்த இரும்புக் கேட் துரை பங்களாவில் இருந்தது. நம்மவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். நாலு தலைமுறைக்குப் பிறகு ஒருவன் தன் பெயரில் ஒரு கேட் செய்ய நினைத்தால், அது அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவதில் என்ன தவறு?

இந்த வேலைப்பாட்டின் தாயகம் ஸ்பெயின், அதிலும் குறிப்பாகத் தெற்கேயுள்ள அந்தலூசியா. தெருவை ஒட்டிய ஜன்னல்களில் காற்றும் வர வேண்டும், கள்ளனும் வரக்கூடாது என்று அங்கே இரும்புக் கம்பிகளைப் பொருத்தினார்கள். 1915இல் சான் டியேகோவில் நடந்த கண்காட்சி இந்தப் பாணியைக் கலிபோர்னியாவில் பரப்பியது. 1925 பூகம்பத்தில் சிதைந்த சாந்தா பார்பரா நகரம் இதே பாணியில் மீண்டும் எழுந்தது. நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வரும் படங்களில் பல இந்தக் கலிபோர்னிய வழி வந்தவையே.

பழைய வேலை தேனிரும்பில் நடந்தது. பெரிய ஆலைகளில் தேனிரும்பு உற்பத்தி 1970களோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் மென் உருக்குக் கம்பிகள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பெயருக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

மலைநாட்டுக்கு இரும்பு வேலை புதிதல்ல. 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் தன்னோடு ஒரு கொல்லரையும் இங்கிலாந்திலிருந்து அழைத்து வந்தார். பின்னர் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்தியும் சுரண்டியும் முள்ளும் தீட்டிக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. அங்கே வெளிநாட்டார் நின்று படம் எடுப்பது பழைய இரும்புத் தூண்களையும் இயந்திரங்களையும்தான்.

ஹட்டனுக்கு அருகே உறவினர் மகன் ஒருவன் வீடு கட்டியபோது படத்தோடு என்னிடம் வந்தான். “மாமா, கொழும்பில கேட்ட விலைக்கு இன்னொரு அறையே கட்டலாம்” என்றான். இருவருமாக ஊரிலுள்ள வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் படத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதில இரும்புக்குக் காசு குறைவு. வளைக்கிற நேரத்துக்குத்தான் காசு.”

விஷயம் முழுவதும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. பத்து வகைச் சுருள் என்றால் பத்து அச்சு வேண்டும். ஒரே ஒரு ‘எஸ்’ வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, தடித்த தகட்டில் ஓர் அச்சைப் பற்றவைத்துக்கொண்டால், அதே அச்சில் எல்லா ஜன்னலுக்கும் வளைத்துவிடலாம். நிமிர்ந்த கம்பிகள் 12 மில்லிமீற்றர் சதுரக் கம்பி. ஒன்றுவிட்டு ஒன்றை மட்டும் நடுவில் முறுக்கினால் போதும். அலங்காரம் முகப்பு ஜன்னலுக்கும் கேட்டுக்கும் மட்டும், பின்புறத்துக்கு நேர்க்கம்பி. பற்றவைத்த இடத்தில் ஒரு தகட்டு வளையத்தைச் சுற்றிவிட்டால் பழைய வேலையின் தோற்றம் வந்துவிடும். கொழும்பில் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

ஆனால் மூன்று விஷயங்களில் சிக்கனம் கூடாது. முதலாவது துரு. நுவரெலியாவின் பனியும் ஹட்டனின் மழையும் இரும்பை விடாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவே சீமெந்துக்குள் புதைத்த கம்பி துருப்பிடித்தால் சுவரும் வெடிக்கும். வெல்டிங் கசடை நன்றாகத் தட்டி உரசிய பிறகே துருத்தடுப்புப் பூச்சு. முடிந்தால் சூடான துத்தநாகக் குளியல்.

இரண்டாவது தீ. லயங்கள் எரிந்த செய்திகளைப் பத்திரிகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அறைக்கு ஒரு ஜன்னலிலாவது கிரில் கீல் வைத்து உள்ளிருந்து, சாவி தேடாமல், திறக்கும்படி இருக்க வேண்டும். கள்ளனுக்குப் போட்ட கம்பி பிள்ளைகளுக்குச் சிறையாகிவிடக்கூடாது.

மூன்றாவது, கம்பிச் சட்டத்தைச் சுவரில் புதைக்காமல், உள்ளிருந்து மட்டும் கழற்றக்கூடிய போல்ட்டில் மாட்டுவது. பூச்சு அடிக்க வசதி என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் மலையகத்தாருக்குத் தெரியும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்; வீடுகள் எழும்புகின்றன. ஆயினும் காணி உறுதி கைக்கு வராத குடும்பங்கள் ஏராளம். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இடம் மாற வேண்டியவர்களும் உண்டு. நிலம் நிச்சயமில்லாதவன் உழைத்துச் செய்த இரும்பையாவது கழற்றிக்கொண்டு போகட்டும்.

உறவினர் மகனின் கேட்டில், படத்திலிருந்த ஸ்பானியப் பூவுக்குப் பதிலாக, இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கொழுந்து ஒன்றைத் தகட்டில் வெட்டி வைத்தார் பட்டறைக்காரர். யோசனை அவருடையது. அவன் தாய் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இலை கொஞ்சம் முத்திப்போச்சு, நிறுவையில கழிச்சிருவாங்க” என்றார்.