ரப்பர்க் கோட்டும் ஒரு முகமும்

மாடியில் குடியிருக்கும் பையன் ஒரு நாள் சாயங்காலம் வந்து, "ஸார், உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். ஆனால் சிரிக்கக் கூடாது" என்றான். வாக்குக் கொடுத்துவிட்டு மேலே போனேன். சிரிக்காமல்தான் திரும்பி வந்தேன்; அதற்குக் காரணம் வேறு.

கம்ப்யூட்டரில் படம் வரையும் யந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அவன் தொழில். இங்கிலாந்தில் யாரோ ஒருவருக்கு ரப்பர் பூசிய மழைக்கோட்டின் மேல் மோகம். கோட்டு அணிந்த பெண்ணைவிடக் கோட்டின் மேல்தான் மோகம் என்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்டைப் பிசகில்லாமல் வரையும்படி யந்திரத்தைப் பழக்கித் தரச் சொல்லி முன்பணம் அனுப்பியிருந்தார்.

முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இது நேற்று முளைத்த விபரீதம் அல்ல. கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மாக்கின்டாஷ், இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து ஒட்டும் முறைக்கு 1823-இல் உரிமை பெற்றார். நூறு வருஷங்களுக்குப் பின், 1930-களில், 'லண்டன் லைஃப்' பத்திரிகைக்கு அந்தக் கோட்டைப் பற்றி வாசகர்கள் உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள். யாரையும் வருத்தாத ஆசைக்கு நான் நீதிபதி அல்ல.

பையன் எனக்கு விளக்கினான். 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற யந்திரமே படிப்படியாகக் கற்றதுதான். முதலில் 256 புள்ளி அகலமுள்ள சிறு படங்கள், பிறகு 512. உலகத்துக் கோட்டுகளையெல்லாம் பார்த்திருக்கிறது. ஆனால் ரப்பர்க் கோட்டு வரையச் சொன்னால் தோலையோ பிளாஸ்டிக்கையோ வரைந்து வைக்கும். அதற்காகப் பெரிய யந்திரத்தைக் கலைப்பதில்லை. 'லோரா' என்று 2021-இல் வந்த முறைப்படி, பக்கத்தில் ஒரு சிறு ஒட்டு வைத்து, அதற்கு மட்டும் பாடம் சொல்கிறார்கள். முதல் கட்டத்தில் 40 புகைப்படங்கள். ஒவ்வொன்றுக்கும் விவரக் குறிப்பு. கோட்டுக்கு அகராதியில் இல்லாத ஒரு புதுச் சொல். இரண்டாம் கட்டத்தில், யந்திரம் வரைந்தவற்றில் நல்லதாகப் பொறுக்கிச் சேர்த்து மறுபடியும் பாடம். இதிலும் அளவு வேண்டும். தான் வரைந்ததையே தலைமுறை தலைமுறையாகத் தின்னும் யந்திரம் அபூர்வமானதையெல்லாம் மறந்துவிடுகிறது என்று 2024-இல் 'நேச்சர்' இதழில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

முதல் கட்டம் முடிந்திருந்தது. கோட்டு அற்புதம்; மழை நீர் வழிவதுகூடத் தெரிந்தது. ஆனால் எந்தப் பெண்ணை வரையச் சொன்னாலும் ஒரே முகம்! 40 படங்களில் 26 ஒரே பெண்ணுடையவை. குறிப்பில் மழையைச் சொன்னான், தெருவைச் சொன்னான், அவளைச் சொல்லவில்லை. பெயர் சொன்னதை யந்திரம் தனியே பிரித்து வைக்கிறது. சொல்லாமல் விட்டதோ அந்தப் புதுச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு விடுகிறது.

"கேட்டவருக்கு அந்த முகம் பிடித்துவிட்டது ஸார். அப்படியே கொடுத்துவிடலாமா?"

எனக்குச் சிரிப்பு வராத இடம் இதுதான்.

இருபது வருஷங்களுக்கு முன் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கதை ஒன்று உண்டு. எங்கள் தெருவில் இருந்த ஓர் அம்மாள்தான் அதில் கதாநாயகி. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். பதில் சொல்லுமுன் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும், அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். தெரு முழுவதும் கண்டுகொண்டது. அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். என்னைப் பெற்றவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அவளைக் கேட்டாயாடா?"

அதே கேள்வியைப் பையனிடம் கேட்டேன். அந்தப் பெண் என்றோ ஒரு நாள், ஒரு கோட்டுக்காகக் காமிராவின் முன் நின்றவள். இனி யார் எதை எழுதிக் கேட்டாலும் வந்து நிற்கிறேன் என்று சொன்னவள் அல்ல.

அவன் பேசாமல் இருந்தான். மறுநாள் முதல் கட்டத்தையே அழித்துவிட்டான். ஒரு கோட்டை விலைக்கு வரவழைத்து, ஜவுளிக் கடைப் பொம்மையை இரவல் வாங்கி அதற்கு மாட்டி, 40 படங்களைத் தானே எடுத்தான். தாமதமானதால் பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பெண்களுக்கு வெவ்வேறு முகம் வருகிறது. கோட்டின் மினுமினுப்பு முன்னைவிட ஒரு மாற்றுக் குறைவுதான்.

அந்த அம்மாள் காலமாகிவிட்டார். இனி அவரைக் கேட்க முடியாது. பையன் அழித்துவிட்டான். என் கதை மட்டும் பதிப்புக்குப் பதிப்பு முந்தானையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.