எம் இல்லத்து வண்டியும் அதன் பின்விளக்கும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யாம் ஊர் சென்றிருந்த காலை நிகழ்ந்ததொன்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். நன்னூலும் தொல்காப்பியமும் பயிலும் ஆனர்ஸ் மாணாக்கர் மோட்டார் வண்டியின் சுவிட்சைப் பற்றி எழுதுவதோ என நகைக்கும் நண்பர் சிலர் உளர். நகைக்க, இதனை எழுதி முடிக்கும்வரை எமக்கு அமைதியில்லை.

எம் இல்லத்து வண்டி மாருதி 800. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் மக்கள் கைக்கு வந்து, 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன இனம் அது. எம்முடையது 1998-இல் வாங்கப்பெற்றது. ஆதலின் எமக்கு மூத்தது. எந்தையார் அதனை விற்க மனமிலர். புதியதொன்று வாங்கப் பொருளிலர். எம் வீடோ ஒரு முடுக்கின் கோடியில் உள்ளது. ஆங்கு வண்டியைத் திருப்ப இடமில்லை. வெளிச்செல்ல வேண்டின், முற்றத்து வேம்பைக் கடந்து வாயில்வரை பின்னோக்கியே செலுத்துதல் வேண்டும்.

அவ்வேம்பின் அடியில் நார்க்கட்டிலிட்டு மாலைதோறும் அமர்ந்திருப்பவர் எம் பாட்டனார். அகவை 82. செவிப்புலன் முற்றும் போயிற்று. காதிற் பொருத்தும் கருவியை ஒரு திங்கள் அணிந்து பார்த்து, இரைச்சல் பொறாது, பெட்டியில் இட்டுப் பூட்டிவிட்டார். வண்டி உறுமும் ஓசை அவர்க்கு எட்டாது. ஆயின் அவர் தமக்கென ஒரு குறி வைத்திருந்தார். பின்புறத்துச் சிவப்பு விளக்கோடு வெள்ளை விளக்கும் எரிந்தால் வண்டி பின்னே வரும், எரியாதாயின் வாராது. இங்ஙனம் பல்லாண்டு ஒரு தீங்குமின்றி நடந்து வந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரு நாள் முன்னர், விளக்கேற்றும் வேளையில், கடைக்குச் செல்ல வண்டியை எடுத்தோம். பாட்டனார் வாயிற்கதவைத் திறத்தற்கு எழுந்து வண்டியின் பின்னே நடந்து சென்றதை யாம் காணவில்லை. ரிவர்ஸ் கியரை இட்டுக் கிளட்சை விட்டோம். அடுக்களையினின்றும் எம் அன்னையார் அலறிய அலறலில் எம் கால் தானே பிரேக்கை மிதித்தது. இறங்கி ஓடினோம். பாட்டனார் நின்றிருந்தார்; அவரது கைத்தடி பம்பரிற் பட்டு வீழ்ந்து கிடந்தது. அவர் சினந்து ஒரு சொல்லும் கூறினாரல்லர். ஐயம் தெளிய வினவுவார் போல, "வெள்ள விளக்கு எரியலியே, தம்பி?" என்றார்.

அவ்விளக்கு எரியாமையை யாம் அதற்கு முன்னாளே கண்டிருந்தோம். 'பல்பு போயிருக்கும், பிறகு பார்க்கலாம்' என்று விட்டிருந்தோம். இதனை எந்தையாரிடம் அன்று கூறவில்லை. இவ்விதழில் அவர் படிப்பாராக.

மறுநாட் காலை பல்பைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளிழை அறுபடவில்லை. எனினும் புதிய பல்பு ஒன்றை வாங்கியிட்டோம், எரியவில்லை. பியூஸும் நலமாகவே இருந்தது. ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து, ஐந்து நிமிடம் நோக்கி, "பழைய வண்டி; வயரிங் முழுசும் மாத்தணும்" என்று ஓராயிரமன்று, பல்லாயிரம் கூறினார். "பொங்கல் கழியட்டும்" என்றார் எந்தையார். ஆனாற் பாட்டனார் அன்று மாலை வேம்பின் அடிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. உள்ளறையிற் சன்னலோரம் அமர்ந்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லார்க்கும் தெரியும்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும், இயற்பியல் பயிலும் எம் நண்பர் ஒருவரிடம் மல்டிமீட்டரை இரவல் வாங்கி, அவர் கூறியவற்றையும் கேட்டுக்கொண்டோம். விஷயம் எளிதே. சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பியூஸ் வழியே வந்து, கியர்ப்பெட்டியிற் திருகப்பட்டுள்ள ஒரு சிறு சுவிட்சில் வந்து நிற்கும். ரிவர்ஸ் கியர் விழுந்தவுடன் பெட்டிக்குள் நகரும் தண்டு அச்சுவிட்சின் மூக்கை அழுத்தும். உள்ளேயுள்ள இரு தகடுகள் கூடும். மின்சாரம் விளக்குக்குப் பாயும். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் அச்சிறு தகடுகளின் வழியே செல்லல் வேண்டும். ஆண்டுபல கூடியும் பிரிந்தும் அவை கருகித் தேயும். எண்ணெய்க் கசிவும் உட்புகும். மூக்கும் சில வேளை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

சக்கரங்களுக்குச் செங்கல் அடைகொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை இயக்காது சாவியை மட்டும் திருப்பினோம். சுவிட்சுக்குச் செல்லும் கம்பியிணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தோம். "எரியுது அண்ணே!" என்று பின்னாலிருந்து தங்கை கூவினாள். பல்பும் பியூஸும் நீண்ட கம்பியும் ஒருசேரக் குற்றமற்றவை என அந்நொடியே விளங்கிற்று. மெக்கானிக் மாற்றச் சொன்ன வயரிங்கில் ஒரு குறையும் இல்லை! பின்னர் மீட்டரின் முனைகளைச் சுவிட்சிலேயே வைத்து, தங்கையைக் கிளட்சை மிதித்து ரிவர்ஸ் கியரை இடச் சொன்னோம். எஞ்சின் ஓடாதபோது பற்கள் எளிதிற் பொருந்தா. வண்டியைச் சிறிது தள்ளிய பின்னரே கியர் விழுந்தது. மீட்டர் அசையவில்லை. குற்றவாளி அகப்பட்டான்.

நகரத்துக் கடையொன்றிற் புதிய சுவிட்சு வாங்கி வந்தோம். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, அளவொத்த ஸ்பானரால் பழையதைத் திருகியெடுத்தோம். கியர் எண்ணெயின் நாற்றத்தை அறியாதார் அறியாதிருப்பதே நன்று. கந்தகமும் கருவாடும் கலந்தாற் போன்றது. புதியதை முதலிற் கையாலேயே புரியேற்றி, முடிவில் மட்டும் ஸ்பானரிட்டு அளவாக முறுக்கினோம். பெட்டி அலுமினியம், மிகையாக முறுக்கினாற் புரியே அழிந்துபோம். எல்லாவற்றையும் பொருத்திக் கியரை இட்டோம்.

விளக்கு எரியவில்லை.

எம் சினமெல்லாம் கடைக்காரர்மேற் சென்றது. போலிச் சரக்கை விற்றுவிட்டார் என்று தங்கையிடமும் அன்னையாரிடமும் உரக்கக் கூறினோம். சுவிட்சைத் திரும்பக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு சட்டையும் மாற்றிவிட்டோம். புறப்படுமுன், ஏதோ தோன்ற, மீட்டரை வைத்து அதன் மூக்கை விரலால் அழுத்தினோம். மீட்டர் உடனே அசைந்தது. சுவிட்சு பழுதன்று. மீண்டும் சென்று டார்ச்சு வெளிச்சத்தில் துளையை நோக்கினோம். பழைய சுவிட்சின் அடியிலிருந்த மெல்லிய உலோக வளையம், எண்ணெய் அழுக்கோடு அழுக்காய்த் துளையின் வாயிலேயே ஒட்டிக் கிடந்தது. அதன்மேற் புதிய வளையத்தையும் இட்டு முறுக்கியிருக்கின்றோம்! இரு வளையத் தடிப்பால் மூக்கு தண்டுக்கு எட்டாது நின்றது. வளையமே இல்லாதிருப்பினோ அளவுக்கு மேல் உட்சென்று, எந்தக் கியரிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கவுங் கூடும். ஒரு நகத்தின் தடிப்பில் இத்தனை இருக்கிறது. முந்திய நாள் மெக்கானிக்கை இகழ்ந்த வாய் அதன்பின் சற்றே அடங்கியிருந்தது.

பழைய வளையத்தைக் கத்தி முனையால் எடுத்தெறிந்து, துளைவாயைத் துடைத்து, சுவிட்சைத் திரும்பப் பொருத்தினோம். சிந்திய எண்ணெய் சில துளிகளே. ஆயினும் அளவு பார்த்துச் சிறிது வார்த்தோம்.

மாலை மயங்கும் வேளையிற் பாட்டனாரைக் கைபிடித்து வெளியே அழைத்து வந்தோம். கட்டிலை வேம்பின் அடியில் தங்கை இட்டிருந்தாள். அவர் அமர்ந்தார். யாம் வண்டியில் ஏறி, எந்தையாரைப் பின்னே நிற்கச் செய்து, கியரை இட்டோம். வெள்ளொளி வேம்பின் அடிமரத்திலும் கட்டிலின் காலிலும் விழுந்தது. பாட்டனார் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவரோரம் ஒதுங்கி நின்றார். பின்னர், 'வரலாம்' என்று எம்மை நோக்கிக் கையசைத்தார்.