நிறம் முடிவாவது தாளில்

கலர் நெகட்டிவிலிருந்து டார்க்ரூமில் பிரிண்ட் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். படத்தில் மெஜந்தா தூக்கலாகத் தெரிந்தால் என்லார்ஜரில் மெஜந்தா ஃபில்டரைக் கூட்ட வேண்டும். கும்மிருட்டில் தாளை எடுத்து, 35 டிகிரி டெவலப்பரில் 45 விநாடி போட்டு, பிளிக்ஸ் என்ற ப்ளீச்-ஃபிக்ஸ் கரைசலில் நிறுத்திக் கழுவினால், ஈரத் தாளில் நீலம் ஏறியிருக்கும். அதைப் பார்த்து ஃபில்டரில் கை வைக்கக் கூடாது. காய்ந்தால்தான் உண்மை நிறம்.

சாயங்களை ஒவ்வொன்றாகத் தாளுக்கு மாற்றும் டை டிரான்ஸ்ஃபர் இன்னும் பொறுமை கேட்கும் வேலை. சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியாக மூன்று நெகட்டிவ். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மேட்ரிக்ஸ் ஃபிலிம். அதில் ஜெலட்டின் தடித்த இடம் அதிகச் சாயம் குடிக்கும். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒரே தாளில் இறங்க வேண்டும். ஒரு சாயத்தின் அடர்த்தியை மட்டும் தனியே மாற்றலாம் என்பதுதான் அதன் பலம். புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் 1973-இல் மிசிசிப்பியில் எடுத்த சிவப்பு உட்கூரைப் படத்தின் அடர்சிவப்பு இந்த முறையில் வந்தது. 1976-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் வைத்த படங்களும் டை டிரான்ஸ்ஃபரே. அதற்கான பொருள்களை கோடக் 1990-களில் நிறுத்திவிட்டது.

இன்று நான் போடுவது பிக்மென்ட் இங்க்ஜெட். சாதாரண கலர் பிரிண்டைவிட நிறம் நீடித்து நிற்கும். படத்தின் ஒரு மூலையை மட்டும் திருத்தலாம். மறுபிரதி அப்படியே வரும். பழைய முறைக்காக இவற்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் திரை ஏமாற்றும். அது உள்ளிருந்து ஒளி வீசுகிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. அந்தி நேர முற்றம் ஒன்று: திரையில் தூணுக்குப் பின்னால் கதவின் மரவரி வரை தெரிந்தது. மேட் பருத்தித் தாளில் அடித்ததும் அந்த இடம் முழுக்க இருண்டுபோனது. அதே ஃபைல் பரைட்டா தாளில் வரியோடு வந்தது; அந்தத் தாளின் கறுப்புக்கு ஆழம் அதிகம். பருத்தித் தாள்தான் வேண்டுமென்றால் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கி இன்னொரு முறை அடிக்க வேண்டும். தாளுக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் புரொஃபைல் பாதி வழி கொண்டுபோய் விடும். மீதியைக் கண்தான் முடிக்க வேண்டும்.

பழைய முறையில் டெஸ்ட் போடாமல் யாராலும் அடுத்த அடி வைக்க முடியாது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் அதை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். படத்தின் சிக்கலான பகுதியை மட்டும் துண்டாக அடித்து, நன்றாகக் காயவிட்டு, அது தொங்கப்போகும் வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும். பிரிண்ட் போட வரும் இளைஞர்களிடம் புதிய பிரிண்டர் வாங்கும் முன் பார்வை மேசைக்கு ஒரு நல்ல விளக்கு வாங்கச் சொல்கிறேன்.