முதலில் காரணம், பிறகு ஈயம்

ஆடி மாதம், திங்கட்கிழமை

மதியம் அக்கா மகன் கடைக்கு வந்தான். கையில் ஐந்து அங்குல ப்ரொப்பெல்லர் போட்ட ட்ரோன். போன வருடம் பாகம் பாகமாக வாங்கி அவனே கோத்தது. நேற்று மாலை வயல் வெளியில் விட்டிருக்கிறான். ஆடிக் காற்றை எதிர்த்துப் போய்ச் சட்டென்று வேகத்தைக் குறைத்த நேரத்தில் ஒரு மோட்டார் நின்றுபோய், வண்டி தலைகுப்புற விழுந்திருக்கிறது. எடுத்து மறுபடி பேட்டரி சொருகினால் கருகிய வாடை.

"மாமா, ஈஎஸ்சி போர்டையே மாத்திடலாமா?" மோட்டார்களை ஓட்டும் போர்டைத்தான் சொல்கிறான்.

"எது போச்சு, ஏன் போச்சு, ரெண்டும் தெரிஞ்சப்புறம் பேசலாம்டா."

இதை நான் பிடிவாதமாகவே சொல்கிறேன். பழைய பிக்சர் டியூப் டிவி காலத்திலிருந்து இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ப்யூஸ் போன டிவிக்கு ப்யூஸை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அது சாயங்காலமே திரும்பி வரும். போன பாகம் பெரும்பாலும் பலியானதுதான். அதைப் பலி வாங்கியது வேறெங்கோ இருக்கும். அதைத் தேடாமல் புது போர்டு வைத்தால் புது போர்டும் எரியும்.

செவ்வாய்க்கிழமை

வேலை தொடங்கும் முன் நான்கு ப்ரொப்பெல்லரையும் கழற்றச் சொன்னேன். மேசைமேல் இருக்கும் ட்ரோனில் ப்ரொப்பெல்லர் இருக்கவே கூடாது. தவறிச் சுழன்றால் விரல் போய்விடும். பேட்டரியைத் தனியாக எடுத்து, மணல் வாளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நான்கு செல் லித்தியம் பாலிமர். முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 16.8. உப்பவில்லை, நான்கு செல்லும் ஒரே அளவு. அதில் குறையில்லை.

பிறகு மல்டிமீட்டர். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மூன்று கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என மின் சுவிட்சாக இரண்டு மாஸ்ஃபெட். மோட்டாருக்கு ஆறு, நான்கு மோட்டாருக்கு 24. நொடிக்குப் பல ஆயிரம் முறை இவை திறந்து மூடுவதால்தான் மோட்டார் சுற்றுகிறது. மோட்டார் கம்பிகளைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸ் பேடிலிருந்து பன்னிரண்டு மோட்டார் பேடுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டோம். பதினொன்றில் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றில் மட்டும் மீட்டர் 'பீப்' என்று கத்தியது. கீழ்ப்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட்.

அவனுக்கு நான் காட்ட நினைத்தது இந்த ஒப்பீட்டைத்தான். சர்க்யூட் படம் நம்மிடம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் தருவதில்லை. ஆனால் ஒரே அமைப்பு அந்தப் போர்டில் நான்கு முறை இருக்கிறது. மூன்று நன்றாக இருக்கும்போது நான்காவதில் எது வேறுபடுகிறதோ அங்கேதான் பழுது. மோட்டாரையும் தனியாகப் பார்த்தோம். மூன்று கம்பிகளுக்கிடையே சம அளவு, உலோகக் கூட்டோடு தொடர்பில்லை. மோட்டார் தப்பித்தது.

அடுத்தது 'ஏன்'. பேட்டரி கனெக்டரின் இரு முனைகளில் மீட்டரை ஓம்ஸில் வைத்தேன். பெரிய கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போது எண் மெல்ல மெல்ல ஏற வேண்டும். இங்கே உடனே ஏறி நின்றுவிட்டது. அப்படியானால் கெபாசிட்டர் சர்க்யூட்டிலேயே இல்லை. மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தோம். நீளமான இரண்டு கால்களில் நின்றிருந்த கெபாசிட்டரின் ஒரு கால் பேடுக்கு ஒட்டினாற்போல் முறிந்திருந்தது. பார்வைக்கு ஒட்டியிருப்பதுபோலவே இருக்கும்; அதிர்வில் எப்போதோ விட்டுப்போயிருக்கிறது.

காரணம் இதுதான். வேகமாகச் சுற்றும் மோட்டாரைச் சட்டென்று அடக்கினால் அது அந்தக் கணம் ஜெனரேட்டராகிவிடுகிறது. மின்சாரம் திரும்பி வருகிறது. பேட்டரிக் கம்பியின் இண்டக்டன்ஸ் அதை உடனே உள்ளே விடாது. ஒரு நொடியின் மிகச் சிறு பங்கில் வோல்டேஜ் குதிக்கிறது. அந்தக் குதிப்பை விழுங்கத்தான் கெபாசிட்டர். அது இல்லாதபோது மாஸ்ஃபெட் தாங்குகிற வரை தாங்கிவிட்டுச் செத்தது. நேற்றே புது போர்டு போட்டிருந்தால் முதல் காற்றிலேயே அதுவும் போயிருக்கும்.

புதன்கிழமை

புறநகர் ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து ரிச்சி தெருவுக்கு நடந்தோம். எதிர்த்திசை ரயில்களில் மஞ்சள் உடுத்திய கூட்டம். ஆடிக் கிருத்திகை நெருங்குவதால் பூக்காவடிகள் இப்போதே எங்கள் திருத்தணி மலைக்கு வரத் தொடங்கிவிட்டன.

வழியெல்லாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா அணியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் அந்த அணி இரண்டாம் இடம் பிடித்தது. நடிகர் அஜித்குமார் அப்போது அதற்கு ஆலோசகராக இருந்தார். அஜித்தால் ஆர்வம் வந்தாலும் சரி, ஆர்வம் வந்தால் போதும். அந்த அணியும் எங்கோ ஒரு மேசையில் கம்பி உரித்து, ஈயம் வைத்துத்தான் ஆகாயத்துக்குப் போயிருக்கும் என்று சொன்னேன்.

2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ பிரித்தோ பொழுதுபோக்குக்காக இறக்குமதி செய்ய நம் நாட்டில் தடை. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே ஆசைப்படுகிறவன் பாகம் வாங்கிக் கோக்க வேண்டும், போனால் பழுது பார்க்க வேண்டும். சால்டரிங் தெரியாமல் இந்தப் பொழுதுபோக்கே கிடையாது என்று ஆகிவிட்டது. இது நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வாங்கியவை: 35 வோல்ட், 470 மைக்ரோஃபாரட் லோ ஈஎஸ்ஆர் கெபாசிட்டர், 63/37 ஈயக்கம்பி, ஃப்ளக்ஸ், செப்பு விக், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், புது எக்ஸ்டி60 கனெக்டர். 16.8 வோல்ட் பேட்டரிக்கு 35 வோல்ட் எதற்கு என்று கேட்டான். குதிக்கிற வோல்டேஜையும் தாங்க வேண்டுமே.

வியாழக்கிழமை

நகரியிலிருந்து ஒரு தம்பி வந்தான். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நகரி ஆந்திராவிலேயே நின்றது. எல்லை பேருந்துக்காரருக்குத்தான், எங்களுக்கு இல்லை. அவனிடம் அதே மாடல் போர்டு ஒன்று, கண்ட்ரோலர் சிப் எரிந்துபோனது, சும்மா கிடந்தது. "அண்ணா, இதுல மாஸ்ஃபெட் எல்லாம் நல்லாதான் இருக்கு, எடுத்துக்கோங்க." மேலே உள்ள எழுத்தைப் பூதக்கண்ணாடியில் படித்து, எங்கள் போர்டில் இருப்பதும் அதே எண்தான் என்று உறுதி செய்துகொண்டோம். எண் மாறினால் வைக்கக் கூடாது.

மாஸ்ஃபெட் எடுக்க ஹாட் ஏர். சுற்றியுள்ள சின்ன பாகங்கள் பறக்காமலிருக்கக் கேப்டான் டேப் ஒட்டி, முதலில் போர்டு முழுவதையும் மெதுவாகச் சூடேற்றினேன். தொழிற்சாலை ஈயம் பெரும்பாலும் காரீயம் இல்லாதது. உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். காரீயம் கலந்த நம்முடைய 63/37 கம்பி 183 டிகிரியிலேயே உருகும். பழைய பற்றின் ஓரத்தில் இதைக் கொஞ்சம் கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து சீக்கிரம் இளகும். இளகியதும் ட்வீஸரால் தூக்க வேண்டும். இளகும் முன் நெம்பினால் செப்பு பேடே உரிந்து வந்துவிடும்.

எடுத்ததும் மறுபடி மீட்டர். ஷார்ட் போய்விட்டது. அப்படியென்றால் குற்றவாளி அந்த மாஸ்ஃபெட்டேதான். அதை இயக்கும் டிரைவர் சிப்பின் கால்களையும் பக்கத்து மோட்டார் பகுதியோடு ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. அதே கம்பியின் மேல்பக்க மாஸ்ஃபெட் மீட்டரில் நன்றாகக் காட்டினாலும் அதையும் மாற்றினோம். ஜோடி ஷார்ட் ஆனபோது அந்தக் கரண்ட் முழுவதும் அதன் வழியாகப் பாய்ந்திருக்கும். அதை நம்பி ஆகாயத்தில் விட முடியாது.

விக் வைத்துப் பேடைச் சமமாக்கி, ஆல்கஹாலில் துடைத்து, மெல்லிதாக ஈயம், மேலே ஃப்ளக்ஸ், அதன்மேல் சிப். சூடு பட்டதும் சிப் தானாகவே நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை அதைச் செய்கிறது. அக்கா மகனும் நகரித் தம்பியும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை

இன்று அயர்ன் அக்கா மகன் கையில்.

பேட்டரிக் கம்பி பற்றும் பேடுதான் கடினம். அடியில் அகலமான செப்புத் தகடு. வைக்கிற சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மெல்லிய நுனி அங்கே உதவாது. அகன்ற உளி நுனி, 400 டிகிரிக்கு அருகில். முதலில் பேடிலும் கம்பியிலும் தனித்தனியாக ஈயம் ஏற்றி, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி மேலே சொட்ட விட்டால் அது டிரை சால்டர்: மேலே உருண்டையாக நிற்கும், அடியில் பிடித்திருக்காது. நல்ல பற்று ஓரத்தில் சரிந்து பேடோடு பரவி நிற்கும். டிவிகளில் நான் பார்த்த பழுதுகளில் பெரும் பங்கு டிரை சால்டர்தான். அங்கே சூடேறி ஆறி விரிசல் விட்டது, இங்கே அதிர்ந்து விரிசல் விடுகிறது.

கனெக்டரில் கம்பி பற்றும்போது அதன் ஜோடியைச் சொருகி வைக்கச் சொன்னேன்; பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் நகராது. கெபாசிட்டர் காலைக் குட்டையாக வெட்டி, ப்ளஸ் மைனஸ் பார்த்து வைத்து, உடலைச் சட்டத்தோடு டை போட்டுக் கட்டினான். கால்கள் மின்சாரத்தை மட்டும் சுமக்கட்டும். எடையைச் சுமக்க வேண்டாம்.

முதல் மின்சாரம் நேராகக் கொடுக்கவில்லை. 12 வோல்ட், 21 வாட் வண்டி பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தோம். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. மினுக்கென்று எரிந்து அணைந்தால் சரி. மினுக்கி அணைந்தது. காரீயம் தொட்ட கை என்பதால் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே டீ.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் காற்று எழும் முன் கிளம்பினோம். மலைப்பக்கமும் கூட்டமும் வேண்டவே வேண்டாம். பக்கத்து அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. கடற்படை குத்தகைக்கு எடுத்த சீ கார்டியன் ஆளில்லா விமானங்கள் அங்கிருந்துதான் பறக்கின்றன. எனவே எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் எதையும் மேலே அனுப்பக் கூடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோவுக்குள் உள்ளதை வணிகமில்லாமல் ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. முன் அனுமதி கேட்க வேண்டாத பசுமை மண்டலத்திலும் உயரம் 400 அடிக்குள்தான்.

முதலில் இடுப்பு உயரத்தில் நிறுத்தி, இறக்கி, நான்கு மோட்டாரையும் தொட்டுப் பார்த்தான். ஒரே சூடு. அடுத்து மேலே போய், சட்டென்று திராட்டிலைக் குறைத்துத் திருப்பினான். அன்று விழவைத்த அதே திருப்பம். இன்று வண்டி தடுமாறவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. அங்கே மெஷின்தான் சிப்பை வைக்கிறது. வைத்தது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டு, அளந்து, பதில் சொல்லத்தான் மனிதன் வேண்டும். அந்தப் பழக்கம் போர்டை மாற்றுகிறவனுக்கு வராது. ஒரு பாகத்தின் சாவுக்குக் காரணம் தேடியவனுக்கே வரும். அடுத்த ஞாயிறு நண்பர்களையும் கூட்டி வரட்டுமா என்று கேட்டான். வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பாடத்தில் அயர்ன் சூடாகாது; ஆளுக்கொரு செத்த போர்டும் ஒரு மீட்டரும் தருவேன்.